ஒட்டுத் தெரியாத சுவர்

பசை நிறையப் போட்டால்தான் நன்றாக ஒட்டும் என்று நினைக்கிறவர்களே உலகத்தில் அதிகம். உங்கள் மேசைமேல் இருக்கிற இந்தக் கோப்பின் உறையையே பாருங்கள், ஐயா. யாரோ பசையை அப்பியிருக்கிறார்கள். ஈரம் அட்டைக்குள் இறங்கி, காயும்போது ஒரு பக்கமாக இழுத்து, உறை படகுபோல வளைந்துவிட்டது. ஒரு பல்குச்சியின் முனையில் எடுக்கிற பசை போதும். அதை விளிம்பில் மெல்லியதாகத் தடவி, பளபளப்பு அடங்குகிறவரை காத்திருந்து, பிறகு அழுத்த வேண்டும். காத்திருக்கத்தான் யாருக்கும் பொறுமை இல்லை.

எனக்குப் பொறுமை உண்டு. அதனால்தான் நீங்கள் இரண்டு முறை "விஷயத்துக்கு வாங்க" என்று சொன்ன பிறகும் பசையிலிருந்து தொடங்குகிறேன். படிக்கட்டில் நடந்ததைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். என்னை யாரும் அழைத்து வரவில்லை. காலையில் குளித்து, கும்பிட்டு, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, பேருந்து ஏறி நானாகத்தான் வந்தேன். வாசலில் இருந்த காவலர் "என்ன புகார்?" என்று கேட்டார். புகார் இல்லை, ஒரு திருத்தம் என்றேன். அவருக்குப் புரியவில்லை.

பார்வையில்லாத பிள்ளைகள் தங்கிப் படிக்கிற பள்ளியில் ஒன்பது ஆண்டுகளாக அட்டை மாதிரிகள் செய்கிறேன். தெருச்சந்தி, ரயில் நிலையம், இதயம், இலை, பசுவின் வயிறு என்று பிள்ளைகள் தொட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய எல்லாவற்றையும் அட்டையில் செய்து கொடுப்பேன். அதற்கு முன் கட்டடம் கட்டுகிறவர்களுக்குச் செய்தேன். அது சுலபமான வேலை. கண்ணுக்குச் செய்கிற பொருளில் எத்தனையோ மறைக்கலாம். ஒட்டு விலகிய இடத்தில் ஒரு குட்டி மரத்தை நட்டுவிட்டால் போதும். விரலுக்குச் செய்கிற பொருளில் எதையும் மறைக்க முடியாது. வெட்டிய விளிம்பில் ஒரு பிசிர், மூலையில் கடுகளவு பசை, அவ்வளவுதான். விரல் அங்கேயே நின்றுவிடும்.

அட்டைக்கும் மரத்தைப்போல நார் ஓட்டம் உண்டு, ஐயா. இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பார்த்தால் எந்தப் பக்கம் இணங்குகிறது என்று தெரிந்துவிடும். இணங்குகிற பக்கமாக மேசை விளிம்பில் வைத்து மெல்ல இழுத்தால் அழகாக வளைந்து கொடுக்கும். எதிர்ப்பக்கம் வளைத்தால் வெடிக்கும். மடிக்க வேண்டுமானால் மை தீர்ந்த பேனாவால் முதலில் ஒரு கோடு அழுத்தி இழுக்க வேண்டும். இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கெடுத்துக் கெடுத்துக் கற்றேன். கெடுத்ததை யாரும் பார்க்கவில்லை என்பதுதான் என் அதிர்ஷ்டமாக இருந்தது, அந்த டீச்சர் வருகிறவரை.

நான்கு ஆண்டுகளுக்கு முன் நடைப் பயிற்சி கொடுக்க அவர் வந்தார். அவருக்கும் பிறவியிலேயே பார்வை இல்லை. என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். முதல் நாளே என்னை "அண்ணே" என்றார். பிள்ளைகளை ஒரு புதிய இடத்துக்கு அழைத்துப் போகுமுன் அந்த இடத்தின் மாதிரியை ஒரு வாரம் விரலால் படிக்க வைப்பார். "முதல்ல விரல் நடக்கட்டும், அப்புறம் கால் நடக்கும்" என்பார். வாரக் கடைசியில் அந்த இடத்துக்கே போய், கோலை ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு, வெறுங்கையோடு அவரே முதலில் நடப்பார். கடைசிச் சுவர்வரை போய் அதை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திரும்புவார். பிறகு பிள்ளைகள் ஒவ்வொருவராக. "சுவரைத் தொட்டுட்டு வா" என்பதுதான் அந்தப் பயிற்சிக்கே பெயர். ஒரு தடவை அப்படித் தட்டிவிட்ட பிள்ளைக்கு அந்த இடத்தில் பிறகு பயம் இருக்காதாம்.

அவர் வந்து மூன்றாவது மாதம் நான் பேருந்து நிலையம் செய்தேன். ஒரு மூலையில் பசை பொங்கிக் காய்ந்திருந்தது. நான் கவனிக்கவில்லை. ஒப்புக்கொள்கிறேன். அதை ஒரு பையன் படி என்று படித்துவிட்டான். நிஜ நிலையத்தில் அந்த இடம் வந்ததும் இல்லாத படியில் ஏறுவதற்குக் காலைத் தூக்கினான். கொக்குபோல நின்றான் என்று சொன்னார்கள். பேருந்துக்குக் காத்திருந்த கூட்டம் சிரித்தது.

டீச்சர் நேராக என் பட்டறைக்கு வந்தார். அன்று பார்த்து மேலிடத்திலிருந்து இரண்டு பேர் பள்ளியைப் பார்க்க வந்திருந்தார்கள். பின்னால் முப்பது பிள்ளைகள். அத்தனை பேர் முன்னால் அவர் விரல் அந்த மூலையைத் தேடிப் பிடித்தது.

"அண்ணே, இங்க பசை பொங்கி நிக்குது. உங்களுக்கு இது ஒரு சொட்டு. அவனுக்கு இது ஒரு படி."

குரலில் கோபம் இல்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிள்ளைகளும் சிரித்தார்கள். எவனோ ஒருவன் பின்னாலிருந்து "பசை மாமா" என்றான். அன்றிலிருந்து நான் பசை மாமா. காலையில் பட்டறைக் கதவைத் திறந்ததும் ஜன்னலுக்கு வெளியே ஒரு குரல் வரும். "பசை மாமா, இன்னைக்கு எத்தனை படி ஒட்டினீங்க?" பிள்ளைகள்தானே என்பார் தலைமை ஆசிரியர். ஆமாம், பிள்ளைகள்தான்.

எனக்குக் கோபம் இல்லை, ஐயா. அன்று ஒரு பாடம் கற்றுக்கொண்டேன், அவ்வளவுதான். விரல் படித்ததைக் கால் அப்படியே நம்பும்.

பிறகு நான்கு ஆண்டுகள் ஒவ்வொரு மாதிரியும் அவர் விரலுக்குக் கீழே போய் வந்தது. இந்த விளிம்பு கீறுது அண்ணே. இந்த வளைவு நடுவுல உடைஞ்சிருக்கு அண்ணே. எப்போதும் சரியாகத்தான் சொன்னார். அதுதான் தாங்க முடியாதது. தப்பாகச் சொல்கிறவரோடு சண்டை போடலாம். சரியாகச் சொல்கிறவரை என்ன செய்வது?

அவர் செய்த நல்லதையும் நான் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் நியாயமாக இருக்காது. பசை பட்டுப் பட்டு என் விரல்நுனி வெடித்திருப்பதைக் கை குலுக்கும்போது தெரிந்துகொண்டு, ஒரு சின்ன டப்பாவில் மருந்து வாங்கி வந்து மேசையில் வைத்தார். நான் அதைத் திறக்கவே இல்லை. என் மனைவி காய்ச்சலில் கிடந்தபோது, இரண்டு பேருந்து மாறி, கோலைத் தட்டிக்கொண்டு எங்கள் வீட்டைக் கண்டுபிடித்து வந்து, ஒரு மத்தியானம் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சும்மா இருக்காமல் கொடியில் கிடந்த துணிகளை எடுத்து மடித்து அடுக்கினார். நான் வீட்டுக்கு வந்து பார்க்கிறேன், ஒவ்வொரு துணியும் விளிம்போடு விளிம்பு பொருந்தி, அளவுகோல் வைத்து மடித்ததுபோல இருக்கிறது. எல்லாவற்றையும் பிரித்து நான் திரும்ப மடித்தேன்.

மனைவி படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தப் பொண்ணு உங்களுக்கு என்னதான் செஞ்சுச்சு?"

"ஒண்ணும் செய்யல."

"அப்ப ஏன் இந்த மூஞ்சி? உங்க கோவமும் உங்க பசையும் ஒண்ணு. மேல காஞ்ச மாதிரி இருக்கும், உள்ள ஈரம் போகாது."

"காய்ச்சல்ல பேசாதே, படு."

"நல்லது செய்யறவங்களைக் கண்டா உங்களுக்கு ஏன்தான் அரிக்குதோ," என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நல்லவள். அவளுக்கு இன்னும் எதுவும் தெரியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

இப்போது புதிய கட்டடத்துக்கு வருகிறேன். பள்ளிக்கு மூன்று மாடியில் புதிதாகக் கட்டினார்கள். இரண்டாம் மாடியில் ஒரு நடைவழி. அது நேராகப் போகாது. பிறைபோல ஒரு பக்கமாக வளைந்து போகும். இந்த முனையில் நிற்கிறவருக்கு அந்த முனை தெரியாது. முதலில் வந்த வரைபடத்தில் அந்த முனையில் ஒரு சுவர் இருந்தது. பிறகு தீ விபத்து நேர்ந்தால் இறங்குவதற்கு இன்னொரு வழி வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அந்தச் சுவரை எடுத்துவிட்டு அங்கிருந்து நேராகக் கீழே இறங்குகிற படிக்கட்டை வைத்தார்கள். படம் வரைகிறவர் திருத்திய வரைபடத்தை என் கையிலேயே கொண்டுவந்து கொடுத்தார். "கடைசிச் சுவர் போயிடுச்சு, அங்க படி. பாத்துச் செய்யுங்க" என்று வாயாலும் சொன்னார். அவர்மேல் எந்தத் தவறும் இல்லை. அவரை இனிக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டாம்.

நான் ஒழுங்காகத்தான் செய்தேன். வளைந்த சுவருக்கு நார் ஓட்டம் பார்த்து அட்டை வெட்டி, ஒரு குழாயின்மேல் உருட்டி உருட்டி, ஓர் இடத்திலும் உடையாமல் வளைத்தேன். படிகளை ஒரே துண்டு அட்டையில் விசிறி மடிப்பாக மடித்தேன். மொத்தம் பதினான்கு படி. மடித்து முடித்து, நடைவழியின் முனையில் ஒட்டி, விரலால் இறங்கிப் பார்த்தேன். திருப்தியாக இருந்தது. அதை டீச்சரிடம் காட்டலாம் என்று கையில் எடுத்துக்கொண்டு போனேன். அப்போது என் மனத்தில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

தலைமை ஆசிரியர் அறையில் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. கதவு ஒருக்களித்திருந்தது. இனி அட்டை மாதிரி வேண்டாம், அச்சில் வார்த்த பிளாஸ்டிக் மாதிரி வாங்கிவிடலாம் என்று யாரோ சொன்னார்கள். தலைமை ஆசிரியர் "ம்ம்" கொட்டிக்கொண்டிருந்தார். பிறகு டீச்சரின் குரல்.

"வேண்டாம் சார். பிளாஸ்டிக் தொட்டா சில்லுன்னு செத்த பொருள் மாதிரி இருக்கு. அட்டைதான் புள்ளைங்களுக்குப் பிடிக்கும். அதுவும் இல்லாம, இந்த வயசுல அண்ணனை நிறுத்தினா அவர் எங்க போவார்? பசை கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும். இருந்துட்டுப் போகட்டும். நாங்க பழகிட்டோம்."

சிரிப்பு. "சரி, உங்க பசை மாமா இருந்துட்டுப் போகட்டும்" என்றார் தலைமை ஆசிரியர்.

நான் கதவைத் தட்டவில்லை. திரும்பிப் பட்டறைக்கு நடந்தேன். கையில் இருந்த மாதிரி துளிகூட ஆடவில்லை. நாங்க பழகிட்டோம். நொண்டி நாய்க்குப் பழகுவதுபோல. ஒழுகுகிற குழாய்க்குப் பழகுவதுபோல. எனக்காக அவர் பிச்சை கேட்டிருக்கிறார், அதற்கு என் பசையையே காட்டிக் கேட்டிருக்கிறார். உதவி செய்கிறவர்கள் யாருக்குச் செய்கிறோம் என்று ஒரு நிமிடம் பார்த்துவிட்டுச் செய்ய வேண்டும், ஐயா. நான் சொல்வதில் தவறு உண்டா?

அன்று பிற்பகல் படிக்கட்டை எடுத்தேன். ஒட்டி இரண்டு மணி நேரம்கூட ஆகாததால் மெல்லிய தகட்டை உள்ளே விட்டதும் அட்டையின் தோல் உரியாமல் வந்துவிட்டது. அந்தப் பதினான்கு படிகள் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. உங்கள் ஆட்கள் எடுத்துக்கொள்ளலாம்.

அந்த இடத்தில் சுவரை வைத்தேன். ஒன்றரை அங்குல அகலம், ஓர் அங்குல உயரம். அவ்வளவுதான் அதன் அளவு. ஆனால் ஒன்பது ஆண்டில் நான் அப்படி ஒரு துண்டைச் செய்ததில்லை. விளிம்புகளை உப்புத்தாளால் தேய்த்தேன். மூலை பொருந்துவதற்காக இரண்டு பக்கத்தையும் பாதிக் கனத்துக்குச் சரித்துச் சீவினேன். பசையை அட்டையின் வெளிமுகத்தில் தடவாமல் உள்புறம் மட்டும், மூச்சுப் பட்டதுபோல மெல்லியதாகத் தடவினேன். பளபளப்பு அடங்கக் காத்திருந்தேன். பொருத்தி, நகத்தின் முதுகால் மேலிருந்து கீழாக நீவினேன். பிறகு பக்கத்துச் சுவர்களும் இதுவும் ஒரே அட்டையாகத் தோன்றும்படி ஈரத்தாளை மெல்லியதாக மேலே போர்த்தி இழுத்தேன். மறுநாள் கண்ணை மூடிக்கொண்டு என் விரலையே ஓட்டிப் பார்த்தேன். எங்கே ஒட்டு என்று எனக்கே தெரியவில்லை.

என்ன நினைத்துச் செய்தேன் என்று கேட்கிறீர்கள். திறப்பு விழாவில் வந்தவர்கள் எல்லார் முன்னாலும் அவர்தான் கோலை வைத்துவிட்டு முதலில் நடப்பார். கடைசிச் சுவரைத் தட்டக் கையை நீட்டுவார். சுவர் இருக்காது. விழுவார். எத்தனை படி விழுவார், எப்படி விழுவார் என்றெல்லாம் நான் யோசிக்கவில்லை என்று சொல்லலாம். சொன்னால் பொய். பதினான்கு படியையும் மடித்தது நான்தானே.

வர்ணம் காயவில்லை என்று விழா நாள் காலைவரை கட்டடத்துக்குள் யாரையும் விடவில்லை. அதனால் டீச்சரால் ஒருமுறைகூட அங்கே கோலோடு நடந்து பார்க்க முடியவில்லை. அவர் அதைப்பற்றி என்னிடம் கேட்டார்.

"அண்ணே, வரைபடம் ஏதும் மாறலையே? இந்தத் தடவை உங்க அட்டையை மட்டும் நம்பித்தான் நடக்கணும்."

"நம்பி நடங்க" என்றேன். அந்த இரண்டு சொல்தான்.

இன்னும் ஒருவரைப்பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளியில் சிட்டு என்று ஒரு சிறுமி இருந்தாள். பதினோரு வயது. ஓயாமல் பேசுவாள். திறந்த இடம் என்றால் அவளுக்குப் பயம். மைதானத்துக்கு வரமாட்டாள். கை நீட்டினால் ஒன்றும் தட்டுப்படாத இடத்துக்கு "வெறுங்கை இடம்" என்று பெயர் வைத்திருந்தாள். சுவர் என்றால் அவளுக்கு உயிர். சுவரோரமாகவே பள்ளி முழுக்கச் சுற்றுவாள். என்னைப் பசை மாமா என்று கூப்பிடாத பிள்ளை அவள் ஒருத்திதான். வெறும் "மாமா"தான்.

விழாவுக்கு முந்தின நாள் காலையில் டீச்சர் அவளைக் கையைப் பிடித்து என் பட்டறைக்கு அழைத்து வந்தார். மாதிரி மேசையில் இருந்தது. சிட்டு அதை ஒரு வாரமாகப் படித்திருந்தாள். இருந்தாலும் மறுபடி விரலை வைத்தாள்.

"இது வாசல். ஒரு கதவு, ரெண்டு கதவு, இங்க வளையுது, வளையுது, வளையுது... மூணு, நாலு. வந்துடுச்சு." கடைசிச் சுவரை இரண்டு விரலால் தட்டினாள். "மாமா, நெஜத்துலயும் இது இவ்ளோ வழவழன்னு இருக்குமா?"

"அது செங்கல் சுவரு. சொரசொரன்னு இருக்கும்" என்றேன்.

"அப்ப உங்க சுவருதான் நல்ல சுவரு."

டீச்சர் சிரித்துவிட்டு, தன் விரலையும் அங்கே கொண்டுபோனார். வழக்கம்போல மூலையைத் தேடினார். இடது மூலை. வலது மூலை. அடி விளிம்பு. அவர் விரல் மறுபடி இடது மூலைக்குப் போயிற்று. வெகுநேரம் அங்கேயே இருந்தது.

"அண்ணே," என்றார். "ஒட்டே தெரியல. இந்த மாதிரி ஒரு மூலையை நான் இதுவரைக்கும் தொட்டதே இல்ல."

நான்கு ஆண்டுகள், ஐயா. அந்த வார்த்தைக்காக.

பிறகு அவர் சொன்னார், "உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லத்தான் வந்தோம். நாளைக்கு முன்னால நடக்கப் போறது நான் இல்ல. இவதான். இவ பயம் போகணும்னா இவளே முதல்ல நடக்கணும். நாலு பேர் கை தட்டினா எப்பேர்ப்பட்ட பயமும் ஓடிடும்."

"கை தட்டுறது இருக்கட்டும் டீச்சர், நான் சுவரைத் தட்டுறேன்" என்றாள் சிட்டு.

இந்த இடத்தில்தான் நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். எடுத்துக்கொள்ளுங்கள். நான் மறைக்க வரவில்லை.

எனக்குத் தெரியும். முன்னால் நடக்கப்போவது அந்தப் பிள்ளை என்று முந்தின நாள் காலை பத்து மணியிலிருந்தே தெரியும். சொல்லியிருக்கலாம். "ஒரு தப்பு நடந்துபோச்சு, கடைசியில படி" என்று ஒரு வாக்கியம் போதும். அவர் அந்த நிமிடமே மன்னித்திருப்பார். மன்னிப்பதில் அவர் கெட்டிக்காரர். சிட்டுவும் சிரித்துவிட்டுப் போயிருப்பாள். ஆனால் அந்த மூலையைப்பற்றி அவர் சொன்னதை அந்த நிமிடமே திரும்ப வாங்கிக்கொண்டிருப்பார். மறுபடியும் பசை மாமா. "அண்ணன் படியை மறந்துட்டார்" என்று ஒரு புதுக் கதை. அது மட்டுமல்ல. பசை முழுக்க இறுகிவிட்டது. இறுகின பிறகு பிரித்தால் அட்டையின் தோலோடு உரிந்து வரும். அப்படி ஒரு வேலையை என் கையாலேயே கிழிக்க எனக்கு மனம் வரவில்லை. மனுஷனுக்கு மனசு என்று ஒன்று இருக்கிறதல்லவா?

அன்று மாலை பிரார்த்தனை செய்தேன். விழா நல்லபடியாக நடக்க வேண்டும் என்றுதான்.

விழா நடந்ததை நீங்களே பத்துப் பேரிடம் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். விருந்தினர்கள் இந்த முனையில் நின்றார்கள். டீச்சர் கோலைச் சுவரில் சாய்த்தார், பழக்கத்தில். சிட்டு வளைந்த சுவரில் இடது கையை வைத்துக்கொண்டு நடந்தாள். கதவுகளைச் சத்தமாக எண்ணினாள். வளைவில் மறைந்தாள். "நாலு" என்றாள். பிறகு அவளுக்கு அவசரம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். ஓடினாள். காலடிச் சத்தம் கேட்டது. எல்லாரும் அவள் சுவரைத் தட்டுகிற சத்தத்துக்காகக் காத்திருந்தோம். நான் பின்வரிசையில் இருந்தேன். முன்னால் போய் நிற்க எனக்கு எப்போதும் கூச்சம்.

மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். நான்காவது நாள் இல்லை.

பிறகு விசாரணை அறிக்கை வந்தது. தலைமை ஆசிரியர் அறையில் வாசித்தார்கள். பழைய வரைபடத்தைப் பார்த்து மாதிரி செய்யப்பட்டிருக்கிறது, இது மாதிரி செய்தவரின் கவனக்குறைவு என்று ஒரு வரி. ஒரே வரி. அதற்கு மேல் யாரும் என்னைத் தேடவில்லை. எச்சரிக்கை என்று ஒரு கடிதம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வயதான மனிதர், பாவம், தெரியாமல் செய்துவிட்டார்.

டீச்சர் இன்னும் ஒருபடி மேலே போனார். என் பட்டறைக்கு வந்து, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். "உங்க மேல தப்பில்ல அண்ணே. ஒரு தடவை நான் கோலோட போய்ப் பாத்திருக்கணும். புள்ளையை முன்னால விட்டது நான். நீங்க மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். அவர் கை தேடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டது. அந்த வாரமே வேலையை விட்டுவிட்டார். தன்னைத்தானே தண்டித்துக்கொள்கிறாராம். பார்த்தீர்களா? நான் செய்ததைக்கூட அவர் எனக்கென்று விட்டுவைக்கவில்லை. அதையும் எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு நல்ல பெயர் வாங்கிப் போய்விட்டார்.

அதனால்தான் வந்தேன். அந்த ஒரு வரியைத் திருத்த வேண்டும். கவனக்குறைவு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். பேருந்து நிலையத்தில் பொங்கின பசை கவனக்குறைவு. இது அப்படி இல்லை. திருத்திய வரைபடத்தைப் படித்து, படிக்கட்டைச் செய்து, அதைப் பிரித்தெடுத்து, வேண்டுமென்றே சுவர் வைத்தேன். டீச்சருக்காக வைத்தேன். சிட்டு நடக்கப்போகிறாள் என்று தெரிந்த பிறகும் எடுக்கவில்லை. என் வாயால் சொல்கிறேன், உங்கள் கையால் எழுதுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன். டீச்சரிடமும் ஒருவர் போய்ச் சொல்ல வேண்டும். மன்னிக்கிறதானால் இதை மன்னிக்கட்டும், பார்க்கலாம்.

எனக்கு ஈவிரக்கம் இல்லை என்று உங்கள் முகம் சொல்கிறது. அது சரியில்லை. போன வாரம் சிட்டுவின் அம்மா வந்தாள். பிள்ளையின் துணிமணிகளை எடுத்துப் போக வந்தவள், பட்டறை எங்கே என்று விசாரித்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "உங்களைப் பத்தித்தான் சார் பேசிக்கிட்டே இருப்பா. மாமா செஞ்ச சுவரு, மாமா செஞ்ச சுவருன்னு" என்றாள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். தம்ளரை வாயில் வைக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "அந்தக் கடைசி நிமிஷத்துல அவ பயந்திருப்பாளா சார்? அது ஒண்ணு தெரிஞ்சா போதும்" என்றாள்.

எத்தனையோ பேர் அவளுக்கு ஆறுதல் சொல்லியிருப்பார்கள். யாருக்கும் இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னேன், "இல்லம்மா. துளிகூடப் பயந்திருக்க மாட்டா." அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. எழுந்து என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனாள். ஒரு தாயின் மனத்தை ஆற்ற என்னால் முடிந்த சின்ன உதவி. அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, ஐயா. நான் வைத்த சுவரில் பயப்படுவதற்கு ஒன்றுமே இல்லை.